சாக்பீஸால் எழுதிய பழவேற்காடு

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் வெயில் அடித்தாலும் நம் தப்பு, மழை பெய்தாலும் நம் தப்பு, ஏரியில் பறவை இல்லாமல் போனாலும் அதை நாம்தான் விரட்டியிருப்போம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கிய சக பாவிகளுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த தடவை வேன் அரை மணி நேரம் தாமதமானால் எங்கள் மேல் பாயாமல் இருக்க உதவும்.

ஈரத்துணி

எண்பதுகளின் ஆரம்பத்தில் பிராட்வே பக்கம் ஒரு மாடி அறையில் சின்ன டூரிஸ்ட் ஆபீஸ். முதலாளி தணிகாசலம், கணக்குப் பார்க்கும் சுந்தரேசன், டைப் அடிக்க நான் ஸ்டெல்லா, மூன்றே பேர்தான். கீழே மாடிப்படி வாசலில் ஒரு பலகை. அதில் மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருப்பதி என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். எங்கள் ஊர் பழவேற்காடு. அப்பா அந்தோணி, எனக்கு நைனா, ஏரியில் படகு வைத்து மீன் பிடிப்பவர். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் மாடி ஏறுவேன். என் ஊர் பேர் அதில் இல்லையே என்று தினமும் வயிறு எரியும். இரண்டு மணி நேரப் பயணத்தில் அவ்வளவு பெரிய ஏரி, பூநாரைக் கூட்டம், டச்சுக்காரர்களின் கல்லறை எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆபீசுக்கு மட்டும் அப்படி ஒரு ஊரே கிடையாது.

ஆறு மாதம் நச்சரித்தேன். சுந்தரேசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் கருவாட்டைத்தான் சுத்திப் பார்க்கணும்" என்பார். கடைசியில் முதலாளி ஒரு நாள் சாக்பீஸை எடுத்து, பலகையின் அடியில் தன் கையாலேயே 'பழவேற்காடு' என்று எழுதினார். நிபந்தனையும் போட்டார். மூன்று டிரிப். மூன்றிலும் சீட் நிறைய வேண்டும். புகார் நோட்டில் ஒரு வரி குறை விழுந்தாலும் பேர் போய்விடும், விழாவிட்டால் பெயிண்ட். "ஏன் சார், எங்க ஊருக்கு மட்டும் சாக்பீஸ்?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "பெயிண்டுன்னா சொரண்டணும்மா. இதுக்கு ஈரத்துணி போதும்."

லாரி டியூப்காரர்

முதல் டிரிப்புக்குப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். வேனில் ஏறும்போதே காற்றடைத்த லாரி டியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தார். நீச்சல் தெரியாதாம். அவர் ஒருவருக்கே இரண்டு சீட் பிடித்தது. படகுத்துறையில் நைனா அந்த டியூப்பை மேலும் கீழும் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். வாயைத் திறக்காமல் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார்.

ஏரிக்குள் போனதும் பூநாரைகள் தெரிய ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கில், ரோஸ் நிறத்தில், ஒற்றைக் காலில் நிற்கின்றன. எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். நம்மாள் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முக்கால் மணி நேரம் அப்படியே. திடீரென்று படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. "ஐயோ, போச்சு!" என்று அவர் அலறினார். நைனா நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. "இன்னா சார் பயந்துக்கினு? எறங்கி ஒரு கை தள்ளு" என்றார். படகில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பூநாரையெல்லாம் எழுந்து பறந்துவிட்டன.

கரைக்கு வந்ததும் அந்த மனிதர் புகார் நோட்டைக் கேட்டு வாங்கினார். பேனாவைத் திறந்தார், யோசித்தார், பிறகு மூடிவிட்டார். "என்னன்னும்மா எழுதறது?" என்றவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "ஏரி இவ்வளவுதான் ஆழம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் பறவையைப் பார்த்திருப்பேனே!"

ரைட் டைம்

இரண்டாவது டிரிப்பில் ஒரு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வந்து சேர்ந்தார். நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். டைப் அடிக்கத் தெரியும் என்ற திமிரில் நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கோடு அடித்து எல்லார் கையிலும் கொடுத்துவிட்டேன். '9.25 கல்லறை, 10.00 பள்ளிவாசல்' என்று. வேன் பொன்னேரியில் ஒரு மாட்டு மந்தைக்கு வழி விட்டு நின்றது. அவ்வளவுதான், போகிற இடமெல்லாம் இருபது நிமிடம் தாமதம். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிரலில் பென்சிலால் 'லேட்' என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொரு 'லேட்'டுக்கும் பலகையில் ஒரு எழுத்து அழிவதாக எனக்குத் தோன்றியது.

பழைய பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம் உண்டு. வெயிலின் நிழலை வைத்து மணி காட்டும். பார்த்துக்கொள்பவர் காதர் பாய். "வாங்க சார், மணி பாருங்க" என்று அழைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தன் கடிகாரத்தை நீட்டி, "இப்போ மணி பத்து இருபது" என்றார். நிழல் சரியாகப் பத்தில் விழுந்திருந்தது. என் நிரலில் என்ன அடித்திருக்கிறது? அதே பத்து! எனக்குக் காதர் பாயைக் கும்பிடலாம் போல இருந்தது. "உங்க கடிகாரம் ஊருக்கெல்லாம் பொதுவான டைம் காட்டுது சார். இது இந்த எடத்து வெயிலுக்கு இருக்கிற டைம். தை மாசத்துல இந்த வித்தியாசம் வரும்" என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து நிழலைப் பார்த்தார், நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பென்சிலால் குறித்ததையெல்லாம் அடித்தார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல லேட்டா வந்த வண்டிக்கு ரைட் டைம்னு நான் எழுதினதே இல்லை. இன்னிக்கு எழுதறேன், கொண்டா உன் நோட்டை!"

முறை தள்ளிப்போன ஞாயிறு

மூன்றாவது டிரிப்தான் என் உயிரை எடுத்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்கள் நாற்பது பேர். பத்தாததற்கு முதலாளியும் மனைவியோடு கூட வருவதாகச் சொல்லிவிட்டார். எட்டுப் படகாவது வேண்டும்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் மீனும் இறாலும் நிறையக் கிடைக்கும் இடத்தில் கண்டவர் கண்டபடி வலை கட்ட முடியாது. அதற்கு முறை உண்டு. பாடு என்று சொல்வோம். ஒரு நாள் எங்கள் குப்பம், மறுநாள் கிழக்குக் குப்பம், மறுபடி எங்கள் குப்பம். முறை இருக்கிற நாளில் படகு எல்லாம் வலைக்குப் போய்விடும். இல்லாத நாளில் சும்மா நிற்கும். நாள் விட்டு நாள் என்பதால் ஒரு ஞாயிறு எங்களுக்கு, அடுத்த ஞாயிறு அவர்களுக்கு. அந்தச் சும்மா நிற்கும் ஞாயிறாகப் பார்த்துத்தான் இரண்டு டிரிப்பையும் வைத்தேன். மூன்றாவதையும் காலண்டரில் விரல் விட்டு எண்ணி வைத்தேன். மீன்காரன் மகளுக்கு இது தெரியாதா என்ற கொழுப்பு.

சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போய் இறங்கினால் நைனா வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா, நாளைக்கு ஆளுங்க வராங்களே?"

"நாளைக்கு நம்ம முறை."

"இல்லவே இல்ல. நான் எண்ணிட்டேன். நாளைக்குக் கிழக்குக் குப்பத்துது."

"மெட்ராஸ்ல குந்திக்கினு எண்ணினா? செவ்வாக்கெழமை அந்தக் குப்பத்துல ஒரு சாவு. ரெண்டு குப்பமும் வலை எறக்கல. முறை ஒரு நாள் தள்ளிப்போச்சு."

சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள் என்று பிறந்ததிலிருந்து தெரியும். நகரத்தில் உட்கார்ந்து காலண்டரை மட்டும் நம்பியிருக்கிறேன். "ஒரே ஒரு நாள் விட்டுக் குடு நைனா, என் மானமே போவுது" என்று அழாத குறையாகக் கெஞ்சினேன்.

நைனா வலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "உன் டெலிபோன் பொண்ணுங்க வராங்கன்னு எறாலு காத்துக்கினு நிக்குமா?"

தேசப்பன் மாமா

முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நாளைக்கு எங்களுக்கு முறை என்றால் கிழக்குக் குப்பத்துப் படகு அத்தனையும் சும்மாதானே நிற்கும்!

ஆனால் அங்கே போய் யார் கேட்பது? எல்லை தாண்டி வலைக் கழி நட்டார்கள் என்று ஒரு சண்டை வந்து, பொன்னேரி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய், இரண்டு வருஷமாக இரண்டு குப்பமும் முகம் பார்ப்பதில்லை. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து கிடையாது. நைனாவிடம் சொன்னால் விடமாட்டார். சொல்லாமலே நடந்தேன்.

குப்பத்துத் தலைவர் தேசப்பன் மாமா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "உங்க நைனா அனுப்புனானா?" என்றார். "அவருக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சா காலை ஒடிச்சுடுவாரு" என்றேன். உள்ளே இருந்து அவர் மனைவி கன்னியம்மா எட்டிப் பார்த்து, "வெயில்ல நடந்து வந்திருக்குது, மொதல்ல அதுக்குத் தண்ணி குடு, அப்பால சண்டை போடு" என்றார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். சாக்பீஸ், பெயிண்ட், புகார் நோட்டு, நாற்பது பேர், ஒன்றையும் விடவில்லை. "நம்ம ஊர் பேரு மாமா. நாளைக்குப் படகு இல்லேன்னா ஈரத்துணி போட்டுத் தொடச்சுடுவாங்க."

அவர் நாலு பெரியவர்களைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். ஒருவர் முடியவே முடியாது என்று கத்தினார். நான் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வழியாக வெளியே வந்தார். "எட்டுப் படகு தரோம். ஆனா இது நாளைக்கு மட்டும் இல்ல. இனிமே உங்க முறை நாள்ல வர்ற ஆளுங்கள நாங்க ஏத்துவோம், எங்க முறை நாள்ல வர்றவங்கள உங்க குப்பம் ஏத்தட்டும். உங்க நைனா படகுன்னு ஓரவஞ்சனை பண்ணக் கூடாது." தலையை ஆட்டினேன். நான் யார், எங்கள் குப்பத்துக்காக வாக்குக் கொடுக்க? கொடுத்துவிட்டேன்!

கன்னியம்மா அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார்: "ஆம்பளைங்க ரெண்டு வருசமா பேசாததை ஒரு சொம்புத் தண்ணில பேசிட்டியேடி!"

குழம்புக்கு

ஞாயிறு காலை எட்டுப் படகும் கழுவித் துடைத்து, சாக்கு விரித்து, துறையில் வரிசையாக நின்றன. தொலைபேசிப் பெண்கள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு ஏறினார்கள். நானும் முதலாளியும் அவர் மனைவியும் தேசப்பன் மாமாவின் படகில். பூநாரை பார்த்துத் திரும்பும் வழி எங்கள் குப்பத்து ஆட்கள் வலை கட்டியிருந்த இடத்தின் ஓரமாகத்தான் போகும். இடுப்பளவு தண்ணீரில் நைனா நின்றிருந்தார். தேசப்பன் மாமா படகில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வலையை விட்டுவிட்டார்.

மாமா கழி ஊன்றுவதை நிறுத்தினார். விஷயம் தெரியாத அந்தப் பெண்கள் மட்டும் வலைக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்கள். நான் "நைனா, நான்தான் கேட்டேன்" என்றேன். நைனா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எங்கள் படகுக்கு வந்தார். கையில் ஒரு கூடை. கூடையைத் தூக்கி அப்படியே படகுக்குள் கவிழ்த்தார். அத்தனையும் விரல் தடிமனில் துள்ளுகிற இறால். "குழம்புக்கு வெச்சிக்கோ" என்று தேசப்பன் மாமாவைப் பார்க்காமலே சொன்னார். எங்கள் ஊரில் வேலை செய்து கொடுத்தவருக்குக் குழம்புக்கு மீன் கொடுப்பது வழக்கம். பகையாளிக்கு யாரும் கொடுப்பதில்லை.

நான் அழுதுவிட்டேன். முதலாளி மனைவி எதற்கென்று தெரியாமலே எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். தேசப்பன் மாமா ஒரு இறாலை எடுத்துப் பார்த்தபடி சத்தமாகச் சொன்னார்: "இன்னா அந்தோணி, பொண்ணு டூருக்கே முறை போட்டுக் குடுத்துட்டாளே!"

விரலில் ஒட்டாதது

புகார் நோட்டில் நாற்பது பேரும் எழுதினார்கள். எல்லாம் அடுத்த தடவை எப்போது என்ற கேள்விதான். கன்னியம்மா அத்தை வைத்த அந்த இறால் குழம்பை முதலாளி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமையே பெயிண்டர் வந்தார். சுந்தரேசன் தன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாலு சீட் பதிவு செய்தார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன், அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த மாதம் நைனா வலை நூல் வாங்க மெட்ராஸ் வந்தார். படிக்கத் தெரியாது. "எது நம்ம ஊரு?" என்று கேட்டார். காட்டினேன். பலகை அருகே போய் அந்த மஞ்சள் எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மாடியிலிருந்து இறங்கி வந்த முதலாளியிடம் சொன்னார்: "ஒட்டல சார். கெட்டியாத்தான் கீது."

ஊரைச் சுற்றிக் காட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை ஐயா, எந்த நாளில் யார் படகு சும்மா நிற்கும் என்று தெரிந்தால் போதும், அதற்கு அந்த ஊரிலேயே பிறந்திருந்தும் ஒரு தடவை நாளைத் தப்பாக எண்ணித் தொலைக்க வேண்டும்.