அக்காவின் பதினெட்டுப் பேர்

அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும் இந்நாளில், நல்லவற்றை மட்டும் எழுதி முடித்துக்கொள்ள அவரது ஒரே தம்பியாகிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில், சோளமும் வெங்காயமும் விளைவித்த குடும்பத்தில் அக்கா பிறந்தார். சங்ககிரியில் வாழ்க்கைப்பட்டார். லாரி ஓட்டுநரான மாமா நோயில் இறந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறந்த வீட்டுக் கிணறும் அப்போது வற்றிக் கிடந்தது. சேலத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தார். கலவைச் சட்டி சுமந்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

சேலத்தில் அப்போது ஜனம் பெருகிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்குமாகக் குடும்பங்கள் வந்து இறங்கின. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. தனி வீடுகளை இடித்து நான்கு மாடி, ஐந்து மாடி என்று எழுப்பினார்கள். வேலைக்கு ஆள் போதவில்லை. அக்கா எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பதினெட்டுப் பெண்களைத் திரட்டி வந்தார். பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள், தோட்ட வேலை இல்லாமல் போனவர்கள். தளம் போடும் நாளில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். அக்காதான் மேஸ்திரி. வெயிலில் யாராவது தள்ளாடினால் நிழலில் உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் தானே போய் நிற்பார்.

பிறகு பத்து மாடிக் கட்டடம் வந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் கட்டட முதலாளியை அவசரப்படுத்தினார்கள். அவர் எங்களை அவசரப்படுத்தினார். நான் அங்கே சைட் இன்ஜினியர்; அக்காவின் ஆட்களும் அங்கேதான் வேலை செய்தார்கள். கலவையைக் குழாய் வழியே மேலே தள்ளும் இயந்திரம் வந்தது. அதற்குப் பழகிய ஆட்களை வெளிமாநிலத்திலிருந்து ஓர் ஏஜென்ட் மொத்தமாக அனுப்பினார். பெண்களில் நால்வர் போதும் என்றார் முதலாளி. என் வேலைக்குப் பயந்து நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் காலையில் பஸ் இறங்கி வந்த பெண்கள் முன்னால், அக்காவிடம் சொன்னேன்.

“இனிமே நாலு பேரு போதுமாமுங்க்கா.”

அக்கா என்னையே பார்த்தார். “இதச் சொல்ல உன்னையவா அனுப்பிச்சாங்க, சாமி?”

நான் பெயர் எழுதும் நோட்டைத் திறந்தேன்.

“அந்த நாலுல என்ற பேர எழுதாதே” என்றவர், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லாத நால்வரைத் தனியே நிறுத்தினார். மற்றவர்களை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதன்பின் சுற்றுச்சுவர், சின்னச் சின்ன மராமத்து என்று கிடைத்த வேலையை அவர்களோடு பங்கிட்டுச் செய்தார். வேலை இல்லாத நாட்களே அதிகம்.

அதே கட்டடத்தில் நான் வீடு வாங்கினேன். புதுமனைப் புகுவிழாவுக்கு அக்கா வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மிஷினு போட்டதா?”

“ஆமாங்க்கா.”

“நல்லாத்தான் போட்டிருக்குது.”

சாப்பிட்டார். தங்கச் சொன்னேன், கேட்காமல் புறப்பட்டுவிட்டார்.

கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “அன்னிக்கு நாந் தப்புப் பண்ணிட்டனாக்கா?” என்று கேட்டேன்.

மூச்சு வாங்கியபடியே, “உன்ற வேலையும் போயிருந்தா யாருக்கு என்ன லாபம்?” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா, எங்களுக்காவ மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாஞ் சாமி” என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஒன்பது நாளும் முறைபோட்டு வந்து அக்காவைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, “நீங்க போயி செத்த நேரம் படுங்க தம்பி, நாங்க பாத்துக்கறோம்” என்று என்னை அனுப்பிவைத்தவர்கள் அக்கா திரட்டி வந்த அந்தப் பெண்களே. நான் வேலையை விட்டு நிறுத்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.