பஸ்ஸில் வந்த கேம்ஷாஃப்ட்

இரண்டு வருடமாக வீட்டு வாசலில் அசையாமல் நிற்கும் பழைய காரின் ‘பிக் பிளாக்’ என்ற பெரிய எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட் என்ற சுழல் தண்டு வாங்க, இன்று என் கணவர் புறப்பட்டார். துணைக்கு நான்.

கடையில் இருந்ததிலேயே பெரியதைக் கேட்டார்.

“அண்ணை, உந்தப் பெரிசைப் போட்டால் சிவப்பு லைற்றில நிக்கேக்க கார் நடுங்கும்,” என்றார் கடைக்காரர்.

“அந்த நடுக்கத்துக்குத்தான் தம்பி வாங்கிறன். பக்கத்துக் கார்க்காரன் திரும்பிப் பாக்க வேணும்.”

“வேலைக்குப் போய்வாற காரெண்டால் சின்னது காணும்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் சின்னதைக் காட்டினேன்.

திரும்பும்போது, மல்வேர்ன் பகுதிக்குப் போகும் பஸ்ஸில், சின்னதின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு லைற்றில் பஸ் நின்றது. கண்ணாடி, கம்பி, சீற் எல்லாம் கடகடவென்று நடுங்கின.

“பாத்தீரே,” என்றார் இவர், “இதைத்தான் நான் கேட்டனான்.”

இதே நடுக்கம் வேண்டியவர்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். பஸ் நம்பர் தருகிறேன்.