இடது மட்கார்ட்

மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் ஊரில் யுகேந்திரனின் வேலையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குளிர்சாதனக் காற்றுக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தகரம் வெட்டி மடக்குகிறவன். அவன் மடக்கிய மூலையில் கோடு பிசகாது. குறை சொல்வதென்றால் வாயைத்தான் சொல்ல வேண்டும். கை ஒன்று செய்தால் வாய் ஒன்பது பேசும்.

சாலையோரம் கார் பட்டறை வைத்திருக்கும் தங்கராஜுவுக்குப் 'புட்டி ராஜு' என்று பெயர் வைத்தது அந்த வாய்தான். நசுங்கிய இடத்தைத் தட்டி எடுக்காமல், பள்ளத்தில் புட்டி என்கிற பசையை அப்பித் தேய்த்துச் சாயம் அடித்துவிடுவாராம். சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் போகிற போக்கில் சொன்னான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த வாரமே ஊர் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தங்கராஜு சண்டைக்கு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜெயபாலன் தன் பழைய மோரிஸ் மைனர் காரைச் சரிபண்ண நினைத்தபோது, தங்கராஜுவிடம்தான் கொடுப்பதாக இருந்தார். மகள் லோஷினி கல்யாணத்தன்று அதில் ஏறிக் கோவிலுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்சக்கரங்களுக்கு மேலிருந்த இரண்டு மட்கார்டும் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன.

"அலமாக், அங்கயா குடுக்கப் போறீங்க? புட்டிதான் திரும்பி வரும்ணே," என்றான் யுகேந்திரன். "என்கிட்ட விடுங்க. புதுத் தகரத்துல ரெண்டையும் கையாலயே அடிச்சுத் தர்றேன். ஒரு சொட்டு புட்டி இருந்துச்சுன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

அவர் நம்பினார். கார் இவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

தொழிற்சாலையில் எல்லாம் சதுரம், எல்லாம் நேர்க்கோடு. இந்தக் காரிலோ நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. பழைய மட்கார்டின் மேல் அட்டையை ஒட்டி அளவெடுத்தான். தகரத்தை வெட்டி, மணல் மூட்டைமேல் போட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் குழித்தான். வலது பக்கம் எப்படியோ அமைந்துவிட்டது. சும்மா இருப்பானா? படம் எடுத்து ஊர் வாட்சாப் குழுவில் போட்டு, 'ராஜு அண்ணன் கவனத்துக்கு' என்று கீழே எழுதினான்.

இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விளக்கு உட்காரும் உருண்டையில் நாலு அடி கூடுதலாக விழுந்து தகரம் இழுபட்டுவிட்டது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. வெல்டிங் சூட்டில் மிச்சமும் பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டது. புதுத் தகரம் போட்டான், அதுவும் அப்படியே போயிற்று. கல்யாணமோ நெருங்கிவிட்டது.

"ராஜு அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி தேன்மொழி.

"அந்த ஆளுகிட்டயா? வேற வேலை இல்ல உனக்கு?"

உள்ளூரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று குளுவாங் வரை போய்ப் புட்டி வாங்கி வந்தான். கேட்டைச் சாத்திக்கொண்டு, நெளிந்த தகரத்தின்மேல் விரல் கனத்துக்கு அப்பினான். அப்போதே கூசத்தான் செய்தது. ஆனால் சாயம் காய்ந்து பளபளத்ததும் கூச்சமும் அதற்கடியில் போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "ஃபுல்லா தகரம்லா," என்றான்.

கல்யாணத்தன்று காலை பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. ஓட்டப் போகிறவனும் யுகேந்திரன்தான். சாயத்தில் கீறல் விழக்கூடாது என்று, அலங்காரம் செய்ய வந்த பெண் அடியில் காந்தம் வைத்த பூச்செண்டுகள் கொண்டுவந்திருந்தாள். வலது மட்கார்டில் ஒன்றை வைத்தாள். 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. இடது பக்கம் வைத்தாள். வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"ஏன் இந்தப் பக்கம் மட்டும் ஒட்ட மாட்டேங்குது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து தங்கராஜு வந்து குனிந்து பூச்செண்டை எடுத்தார். விரல் முட்டியால் மட்கார்டை ஒரு தட்டுத் தட்டினார். தகரச் சத்தம் வரவில்லை, 'மொத்'தென்றது. யுகேந்திரனை ஒரு பார்வை பார்த்தார்.

"காந்தம் வீக்கா இருக்கும்மா. டேப் இருந்தா குடு," என்றார். தன் கையாலேயே ஒட்டி அழுத்திவிட்டார்.

ஜெயபாலனுக்கு வாயெல்லாம் பல். "முழுக்க நம்ம யுகேந்திரன் கையால அடிச்சது. ஒரு சொட்டு புட்டி கிடையாது," என்று உறவுக்காரர்களிடம் காட்டிவிட்டு, தங்கராஜுவின் தோளில் தட்டினார். "பாத்துக்க ராஜு, இப்படில்ல வேலை செய்யணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கராஜுவும் சிரித்தார். "ஆமாண்ணே. நல்ல வேலை."

அவர் திட்டியிருந்தால் இவன் திருப்பித் திட்டியிருப்பான். கோவில் வரை ஓட்டியவனுக்கு, அந்தப் பூச்செண்டைத் தவிர ரோட்டில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. இந்த மனிதரைப் போயா ஊர் சிரிக்க வைத்தோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூனிக் குறுகியது.

தாலி கட்டி முடிந்ததும், பந்தி நடந்த இடத்தில் ஜெயபாலனைப் பிடித்துக்கொண்டான். தங்கராஜுவும் பக்கத்தில்தான் நின்றார்.

"அண்ணே, இடது பக்கம் முழுக்க புட்டி. காந்தம் நல்லாத்தான் இருந்துச்சு. ராஜு அண்ணன்தான் என் மானத்தைக் காப்பாத்துனாரு. இனிமே அந்தப் பேரை எனக்கு வச்சுக் கூப்பிடுங்க."

நாலு பேர் காதுபடத்தான் சொன்னான். ஜெயபாலன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "கார் கோவிலுக்கு வந்து சேந்துச்சுல்ல? விடுலா, போய்ச் சாப்பிடு," என்று விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டார். நின்றவர்களும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

"ராஜு அண்ணே..." என்று திரும்பினான் யுகேந்திரன்.

அதற்குள் பந்தியிலிருந்து ஒரு சின்னப் பெண், கல்யாண வீட்டுக் குழந்தை, கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தாள்.

"புட்டி மாமா! இங்க எடம் இருக்கு, வாங்க!"

"இதோ வர்றேம்மா," என்று தங்கராஜு போனார்.