மேட்டுக்காட்டு அரிசி

செம்மண் புழுதிக்கு ஒரு வாசனை உண்டு. வல்லத்து மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கில் ஏறிவிடும். பெரியப்பா வீடு போய்ச் சேர்வதற்குள் என் வெள்ளைச் சட்டை காவியாகியிருக்கும்…

தை அறுவடை முடிந்ததும் அப்பாவும் நானும் ஒரு மூட்டை புது அரிசியோடு அங்கே போவோம். சுற்றிலும் முந்திரி, நடுவில் ஓட்டு வீடு, கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு. அவ்வளவுதான் ஊர்.

எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில் ஒரு வழக்கம். மூத்தவர் பங்கு பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பெரியப்பா பிரித்தார். ஒரு பங்கு திருவையாற்றுப் பக்கத்து நஞ்சை, வாய்க்கால் பாசனம். இன்னொரு பங்கு இந்த மேட்டுக்காடு. அப்பா யோசிக்கவே இல்லை. காவிரித் தண்ணீர் ஏறாத மண்ணைத் தஞ்சாவூர்க்காரன் எவன் தொடுவான், சொல்லுங்கள்?

அந்தப் பாவத்துக்குத்தான் வருஷா வருஷம் மூட்டை.

"எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்பார் பெரியம்மா. பெரியப்பா வெறுமனே சிரிப்பார். அவர் மகன் செல்வராசு அண்ணன் அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பான். "ஒனக்கென்னடா, தெனமும் நெல்லுச்சோறு." எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு மேட்டுக்கு எதிரே காலேஜ் வந்தது…

முதலில் ஒரு டீக்கடை. அப்புறம் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காத பையன்கள் பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகையை வாடகைக்குக் கேட்டார்கள். மாடு வெளியே போனது, கட்டில் உள்ளே வந்தது. லெக்சரர் குடும்பங்கள், ஜெராக்ஸ் கடை, சப்பாத்திக் கடை, வடக்கே இருந்து கொத்தனார்கள்… முந்திரிக்காடு நகராகிவிட்டது. செமஸ்டர் லீவில் மட்டும் தெரு காலியாகக் கிடக்கும். காலேஜ் திறந்தால் நடக்க இடமிருக்காது.

எங்கள் ஊரில் தெரு எப்போதுமே காலிதான். அதே காலேஜில் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று டிவியைப் பார்த்துக்கொண்டு நாங்கள் சில பேர்.

வயிறு எரிகிறது. ஒளிப்பானேன்?

என் மகளுக்கு அந்தக் காலேஜில்தான் சீட் கிடைத்தது. ரூம் கேட்டு செல்வராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூன்று மாடி, கீழே மெஸ். வாடகை எவ்வளவு என்று இழுத்து இழுத்துக் கேட்டேன்.

"வாடகையா? என்னடா பேசுற? அது என் பொண்ணுடா. மேல மூலை ரூமு, காத்து நல்லா வரும்."

மனுஷன் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

வண்டியை எடுக்கும்போது கூப்பிட்டான்.

"டேய், நில்லு. மெஸ்ஸுக்கு அரிசி எறங்கியிருக்கு. பழைய பொன்னி. ஒரு மூட்டை எடுத்துட்டுப் போ."

"வேணாம்ணே. வெவசாயி வீட்டுக்கு அரிசியா?"

"வெளைஞ்சதையெல்லாம் கொள்முதல் நெலையத்துல போட்டுட்டு, கடையிலதானடா வாங்குறீங்க?"

உண்மைதான். சிரித்தேன். சிரிக்கும்போதுதான் தெரிந்தது, பெரியப்பா இத்தனை வருஷம் சிரித்தது இந்தச் சிரிப்பைத்தான்.

அன்று நாங்கள் இறக்கிவைத்துவிட்டு வந்த வாசலிலிருந்து, டிவிஎஸ்ஸின் முன்னால் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் முட்டி இடித்தது. புழுதி இல்லை. இப்போது அங்கே தார் ரோடு.

மறுநாள் மத்தியானம் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சோறு பூவாட்டம் இருக்கே. எந்த வயலுதுடா?"

"மேட்டுக்காட்டுதுப்பா."

தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். அப்புறம், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.