டஸ்ட்டு கேமரா

பனி வானத்திலிருந்து இறங்குவதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கேமரன் மலையில் அது கீழேயிருந்து ஏறும். இரவெல்லாம் ரிங்லெட் அணைத் தண்ணீர்மேல் படுத்துக் கிடந்துவிட்டு, விடிகிற நேரத்தில் எழுந்து, தேயிலைச் சரிவை வரிசை வரிசையாக மிதித்துக்கொண்டு மேலே வரும். அப்போது பச்சை என்பதே ஞாபகத்தில் இருக்கிற ஒரு நிறம் மாதிரி ஆகிவிடும்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எஸ்டேட் ஆலையில் தூள் சலிக்கப் போனேன். பிறகு லோரி ஓட்டினேன், கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றினேன். இன்று பிரிஞ்சாங்கில் மாடி வைத்த சொந்தக் கட்டடம், கீழே டீக்கடை. யார் கையையும் பிடித்து ஏறியவன் இல்லை நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

கடையைத் தீபாவளிக்கு முன்னால் திறப்பதாக ஏற்பாடு. கல்லாவுக்குப் பின்னால் பெரிய வெறும் சுவர். சாயம் அடித்தவர், "இங்க என்ன படம் போடலாம், மலையா பூவா?" என்று கேட்டார்.

"என் பெஞ்சாதி" என்றேன்.

அவள் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்து வளர்ந்தவள். சுற்றுலா வந்தவர்கள் அவளை எடுக்காத படம் இல்லை. ஆனால் பெரிய கேமராவைக் கண்டாலே திரும்பிக்கொள்வாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், யார் வீட்டுக் கூடத்திலோ, அவளுடைய கூடையும் முதுகும் இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். என் வீட்டில் மட்டும் தேயிலைக்கு நடுவே அவள் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மகனுடைய கேமராவை வாங்கிக்கொண்டு, அவளைத் தேயிலைச் சரிவுக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் வைத்ததுமே முகத்தைத் திருப்பிவிட்டாள்.

"அந்தப் பீரங்கியக் கீழ வைங்க. என்னைச் சுடவா கூட்டிட்டு வந்தீங்க?"

கைப்பேசி என் விரலுக்கு அடங்காது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். அமுக்குவதற்குப் பொத்தான் வேண்டும் எனக்கு. கேமரா விற்று, படமும் அச்சடித்துக் கொடுக்கிற பாய் கடைக்குப் போனேன். அவர் மேசைமேல் இரண்டை வைத்தார். ஒன்று தடி, மூக்கு நீண்டது. மற்றது சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது.

"அண்ணே, பையில போற சாமான் வேணும்னா படத்தைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். படம் வேணும்னா பைய விட்டுக் குடுக்கணும். ரெண்டும் ஒண்ணா வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாய், நான் தூள் சலிச்சவன். பெரிய இலை பாக்கத்தான் அழகு. பொடிசா விழுற டஸ்ட்டுதான் கருகருன்னு சாயம் இறக்கும். சின்னதுலதான் லா சரக்கு."

"தேயிலைக்குச் சரி அண்ணே..." என்று இழுத்தார். நான் சின்னதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி அவளைக் கூட்டிப் போன அந்தக் காலையை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். சரிவில் நாங்கள் இரண்டு பேர்தான். பனி இடுப்பளவு ஏறி நின்றது. அவள் மிதக்கிற மாதிரி இருந்தாள். பறிக்கிற வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும், செடியருகே நின்றதும் கை தானாகவே கொழுந்தைத் தேடிப் போனது. நான் பையிலிருந்து கேமராவை எடுத்தேன்.

"இதுவா?" என்றாள். "பாக்கு டப்பா மாதிரி இருக்கு. இதுக்கு யாரு பயப்படுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அமுக்கினேன். அதன் குட்டித் திரையில் பார்த்தபோது, நானே எடுத்தேனா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பாய் படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொண்டுவந்து கடையில் விரித்தார். பனி இருந்தது. செடி இருந்தது. அவள் முகத்தில் மட்டும் யாரோ ஒரு பிடி டஸ்ட்டை அள்ளித் தூவியிருந்தார்கள். கண் எது, சிரிப்பு எது என்று தெரியவில்லை.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். "சாயமே இறங்கலையே. இது நானா, பனியா?"

பாய் தன் சுண்டுவிரலை நீட்டினார். "வெளிச்சம் பிடிக்கிற சில்லு ஒண்ணு உள்ளார இருக்கு அண்ணே. உங்க கேமராவுல அது இந்த நகம் அளவு. பனி மூட்டத்துல வெளிச்சமே கொஞ்சம், அதுல இந்த நகத்துல எவ்வளவு விழும்? பத்தாத இடத்துல இப்படிப் பொடி பொடியா வந்துடும். தடியான கேமராவுல சில்லும் பெருசு. அத எடுத்துட்டுப் போய் இன்னொரு தரம் எடுங்க."

அவளைப் பார்த்தேன். "நிப்பியா?"

"நிக்கச் சொன்னா நிப்பேன். சிரிக்கச் சொன்னா அந்தச் சிரிப்பு வருமா?"

விரித்த படத்தை மறுபடி பார்த்தேன். டீ ஆற்றுகிறவனுக்குப் புரியாததா? தூள் ஒரு கோப்பைக்கு உள்ளது. நான் அண்டாத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சாயம் இறங்கவில்லை என்கிறேன்.

"பாய், இத சுருட்டுங்க. ஒரு கோப்பை அளவுக்குப் போடுங்க."

"இவ்ளோ பெரிய சுவத்துல உள்ளங்கை அளவா? சிரிப்பாங்க அண்ணே."

"எழுந்து வந்து பாக்கட்டும்."

அந்த அளவில் அவள் கண் இருந்தது, பல் இருந்தது, காதோரம் பறக்கிற முடிகூட இருந்தது. கண்ணாடி போட்டு மாட்டினேன். யோசனை தன்னுடையது என்று பாய் இப்போது சொல்லித் திரிவதாகக் கேள்வி. சொல்லட்டும்.

அவ்வளவு பெரிய சுவரில் என்ன இத்தனூண்டு என்று வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிறகு கோப்பையும் கையுமாக எழுந்து, கல்லாவைத் தாண்டிக் கிட்டே வருவார்கள். டீயின் ஆவி கண்ணாடியில் படியும். படத்தில் இருக்கிற பனி வெளியே வந்துவிட்டதுபோல் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அவள் அடுப்படியிலிருந்து வந்து முந்தானையால் துடைப்பாள்.

"கோப்பையக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க லா" என்பாள். "மூஞ்சி மறையுது."