ராஜாவின் திருகையும் எங்கள் உப்பளமும்

உப்பளத்து மேஸ்திரி வேலை என்பது, முதலாளியிடம் ‘கூலிக்காரங்க ஆளு’ என்றும், கூலிக்காரர்களிடம் ‘முதலாளி ஆளு’ என்றும் பெயர் வாங்குகிற வேலை. இரண்டு பேருக்கு நடுவில் நின்று பிழைப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குயில் கூவும் நேரம்

எங்கள் உப்பளம் இருக்கிற மரக்காணத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காரை நிறுத்தி உப்புக் குவியலைப் படம் எடுப்பது சகஜம். அன்றைக்கு வந்த டென்மார்க் அம்மா படம் எடுக்கவில்லை. ரிடயர்டு டீச்சராம். கடல் ஏன் உப்புக் கரிக்கிறது என்று அவங்க நாட்டில் ஒரு கதை உண்டு என்றார். கார் ஓட்டி வந்த கோட்டக்குப்பம் யூசுப் பாய் துபாயில் இருந்தவர், இங்கிலீஷ் தெரியும். அவர்தான் அதைத் தமிழில் சொன்னார்.

அந்தக் காலத்தில் அங்கே ஃப்ரோதி என்று ஒரு ராஜா. கேட்டதையெல்லாம் அரைத்துத் தரும் திருகை அவனிடம் இருந்தது. அதைச் சுற்ற, அசுர பலம் உள்ள இரண்டு அடிமைப் பெண்களை வாங்கினான். பொன் அரைத்தார்கள், நாட்டுக்கு நிம்மதியும் அரைத்தார்கள். அவனுக்கு ஆசை அடங்கவில்லை. குயில் ஒரு தடவை கூவி அடுத்த தடவை கூவும் வரைக்கும்தான் ஓய்வு என்றான். கோபத்தில் அவர்கள் அவனுக்கு எதிராக ஒரு படையையே அரைத்து வரவழைத்துவிட்டார்கள். ராஜா செத்தான். அந்தப் படையோடு வந்து ஜெயித்த கடல் கொள்ளைக்காரன் திருகையையும் பெண்களையும் கப்பலில் ஏற்றி, உப்பு அரைக்கச் சொன்னான். போதுமா என்று கேட்டார்கள், இன்னும் என்றான். பாரம் தாங்காமல் கப்பல் முழுகிப்போய், கடலே உப்பாகிவிட்டது.

உப்புக் கூடையைத் தலையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அந்தோணியம்மா என்னிடம் கேட்டது இது: “ஏன் மேஸ்திரி, குயிலு ரெண்டு கூவலுக்கு நடுவுல எவ்ளோ நேரம் இருக்கும்?”

பாத்தியில் விழுந்தவள்

அடுத்த வாரம், எங்கள் உப்பளத்தில் கூடை சுமக்கிற ஜெயந்தி வெயிலில் மயங்கி, கூடையோடு உப்புப் பாத்தியில் விழுந்தாள். தூக்கும்போது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பைக்கில் அவளை நடுவில் உட்கார வைத்து, பின்னால் அந்தோணியம்மா பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். காலையிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியவன் நான்தான்.

இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியபிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “லேட்டாயிடுச்சா மேஸ்திரி?” என்றாள்.

முதலாளி கேட்ட கேள்வி

நிழலுக்கு ஒரு கொட்டாய், மத்தியானம் அரை மணி ஓய்வு என்று நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜெயந்தி விழுந்ததைச் சொல்லிவிட்டு, ராஜா கதையையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

முதலாளி டீயை மேசையில் வைத்தார். ராஜா செத்தபிறகாவது அந்தப் பெண்களுக்கு ஓய்வு கிடைத்ததா என்று கேட்டார். இல்லீங்க, அடுத்து வந்தவனும் அரைக்கத்தான் சொன்னான் என்றேன். எழுந்து ஜன்னலருகே போய், வெயிலில் கூடை சுமப்பவர்களைப் பார்த்தார்.

“மூங்கிலும் கீத்தும் சொல்லிடு. நாளைக்கே கொட்டா போட்டுடு. மத்தியானம் அரை மணி உக்காரட்டும்.”

முதல் அரை மணி

கொட்டாய் போட்ட அன்று ஜெயந்தியும் வேலைக்கு வந்துவிட்டாள். மத்தியானம் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் எழுந்து கூடையைத் தேடினார்கள். அதட்டித்தான் மறுபடி உட்கார வைத்தேன்.

அந்தோணியம்மா காலை நீட்டி, உப்பில் வெடித்த பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “சும்மா உக்காந்தாத்தான் மேஸ்திரி, கால் வலிக்குதுன்னே தெரியுது.”

இத்தனை வருஷ மேஸ்திரி உத்தியோகத்தில் நான் வாங்கிக் கொடுத்த ஒரே நல்லது, செத்துப்போன ஒரு பேராசைக்கார ராஜாவின் சிபாரிசில் வந்தது.