இரண்டு உச்சரிப்பும் ஓர் எருமையும்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்பது வீட்டுக்காரருடைய சொத்து. போத்தனூர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே இருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர்களோடு பேசிப் பேசிப் பழகிய இங்கிலீஷ். அசல் லண்டன் சரக்கு என்பார். ஓய்வு பெற்று, கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புக்குக் குடிவந்த பிறகு அதைப் பேச ஆள் கிடைக்கவில்லை. தேங்காய் பறிக்க வந்தவர்களிடம் ‘குட் மார்னிங்’ சொல்லிப் பார்த்தார். அவர்கள் ‘சரிங்க’ என்றுவிட்டு மரம் ஏறிவிட்டார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிப்பேன். இங்கிலீஷ் இல்லாததால் அறுபத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து மகள் போன் பண்ணி, உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் வந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. மகளால் வர முடியாது என்றால் தாய்வீடுதான் கிளம்பிப் போக வேண்டும். தாய்வீடு என்றால் நான்தான். தோப்பையும் எருமையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் அவர் வர முடியாது.

எருமையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதுவும் சினை. ஆடிக் கடைசியில் ஈனும். என்னைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். ஆனால் ஈனுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பாலை வற்ற விட்டுவிடுவோம். கறவை இல்லாத அந்த நாட்களில்தான் நான் மாதக்கணக்கில் வீட்டை விட்டு நகர முடியும். மகளுக்கு நாள் குறித்திருப்பது வைகாசிக் கடைசியில். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, வைகாசி நடுவில் போய் ஆடி நடுவில் திரும்புவதாக விசா ஃபாரத்தில் போடச் சொன்னேன். அந்த விசா கிடைத்தால்தான் பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் நான் இருப்பேன். கிடைக்காவிட்டால் போனில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“விசா ஆபீசுல தமிழ்லயே பேசலாமுங்கம்மா. மொழிபெயர்க்க ஆள் வெச்சுக் கேள்வி கேப்பாங்க” என்றாள் மகள்.

வேண்டாம் என்றுவிட்டேன். நான் பெற்ற பெண்ணைப் பார்க்கப் போக இன்னொருத்தி வாயால் உத்தரவு கேட்பதா?

“அத்தனை வீம்பு இருந்தாச் சரி, நானே சொல்லித் தாரேன்” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். இத்தனை வருஷம் கழித்து ஓர் ஆள் கிடைத்திருக்கிறதே.

காலையில் நான் எருமைக்குச் சோளத்தட்டு வெட்டும்போது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். முதல் சொல்லே, மகளுக்கு இங்கிலீசில் என்ன என்பது.

“டோட்டா. கடைசில ‘ர்’ வரக்கூடாது. அப்படியே வாயைத் தொறந்து வுட்டுரோணும்.”

“பாதியிலயே வுட்டுப்போட்டா அது அந்தரத்துல நிக்காதுங்களா?”

“வெள்ளைக்காரன் அப்படித்தான் புள்ள பேசுவான்.”

“ஏனுங்க, வெள்ளைக்காரனுக்கு ‘ர்’ பஞ்சமுங்களா?”

சாயங்காலம் மகள் வீடியோவில் வருவாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். காலையில் படித்ததை ஒப்பித்தால் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

“அய்யோ, அப்பா சொல்றதைக் கேக்காதீங்கம்மா. இங்க டா...டர். நாக்கை உள்ளுக்குச் சுருட்டி ‘ர்’ சொல்லோணும். நல்லா அழுத்தி.”

“உங்கப்பா முழுங்கிப்போட்ட ‘ர்’ எல்லாம் உன்ற ஊர்லதான் இருக்குதா கண்ணு?”

பின்னாலிருந்து அவர் குரல் கொடுப்பார். “அது வெத்தலைய வாயில அடக்கிட்டுப் பேசற இங்கிலீசு. அதைப் போயிக் கத்துக்கறதா?”

“அப்பா, நீங்க பேசறது செத்துப்போன துரைமாருக்குத்தானுங்க புரியும்!”

அவர்கள் இரண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டே நாலு மாதம் ஓட்டினார்கள். ஒரே மகள் எனக்குக் காலையில் டோட்டாவாகவும் சாயங்காலம் டாடராகவும் இருந்தாள். தண்ணீர், சூட்கேஸ், திரும்பி வருவேன் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடம். அப்பனும் மகளும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். விசா ஆபீசில் எருமைப் பேச்சை எடுக்கவே கூடாது.

“ஏன் திரும்பி வருவீங்கன்னு கேட்டா, ஹஸ்பண்ட் தனியா இருக்காருன்னு சொல்லுங்க, போதும். எருமை கிருமைன்னு ஆரம்பிச்சுராதீங்க” என்றாள் மகள்.

“ஆமா, காட்டுமிராண்டின்னு நெனச்சுப்போடுவாங்க” என்றார் இவர். அந்த எருமைப் பால் காப்பியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார்.

பங்குனியில், தோப்பைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒப்படைத்து, இரண்டு நாள் பாலைப் பழைய கன்றுக்கே விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினோம். விசா ஆபீசுக்குள் என்னை மட்டும்தான் விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருக்குப் பக்கத்தில், இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண் நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் பேச ஆரம்பித்தார். அது வீட்டுக்காரர் இங்கிலீசும் இல்லை, மகள் இங்கிலீசும் இல்லை. மூன்றாவதாக ஒன்று, பொள்ளாச்சி பஸ் மாதிரி எங்கேயும் நிற்காமல் போனது. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது மட்டும் பிடிபட்டது. வாயைத் திறந்தேன். டோட்டாவும் டாடரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. எது முந்தும் என்று நானும் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை.

“மை பொண்ணு” என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, எனக்குப் புரியும்படி மெதுவாக, இரண்டே மாதமா, ஏன் என்றார். ஹஸ்பண்ட் தனியாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஆனால் அது பொய் இல்லையா? அவருக்காக நான் அவசரப்பட்டுத் திரும்பப் போவதில்லை. சோறாக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். பொய் சொல்லிவிட்டு மகள் பிரசவத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

“ஹஸ்பண்ட் நோ பிராப்ளம்” என்றேன். “மை எருமை. டெலிவரி. ஆடி மாசம்.”

பக்கத்தில் நின்ற பெண் பதறிப்போய் அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“வைகாசி நோ மில்க்” என்று நானே விளக்கினேன். “ஆடி கம், கன்னுக்குட்டி கம், மில்க் கம். ஐ கம்.”

கையால் கறப்பது போலக் காட்டி, உங்கள் ஹஸ்பண்ட் கறக்க மாட்டாரா என்று கேட்டார். இதற்குச் சொல் கிடைக்கவில்லை. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி, எருமை எப்படி உதைக்கும் என்று காலை உதறிக் காட்டினேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்தார். கடைசியில் என்னவோ நீளமாகச் சொன்னார். அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினேன்.

“விசா குடுத்துட்டாங்கம்மா. பொண்ணையும் எருமையையும் நல்லாப் பார்த்துக்கச் சொல்றாரு.”

வெளியே மரத்தடியில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். விசா கிடைத்தது என்றதும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“டோட்டான்னு சொன்னியா?”

“நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயேதானுங்க. ஒரு ‘ர்’ வெளிய வரலை.”

அன்று சாயங்காலம் மகளும் அதையேதான் கேட்டாள்.

“உன்ற மாதிரியேதான் கண்ணு. சுருட்டுன நாக்கு இன்னும் நிமிரலை.”

இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை. அவரவர் இங்கிலீஷ்தான் விசா வாங்கிக் கொடுத்தது என்று இன்றைக்கும் இருக்கிறார்கள். விசா ஆபீசில் சொல்லாத பொய்யை வெளியே வந்து இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.

இப்போது காலைப் பாடம் தொடர்ந்து நடக்கிறது, வாத்தியார்தான் மாறிவிட்டார். நான் இல்லாதபோது எருமை தண்ணீர்த் தொட்டிக்கு வர வேண்டுமே. அது என் குரலுக்குத்தான் வரும். அவர் தொட்டியோரம் நின்று, “வா சாமி, வா” என்று கூப்பிடுகிறார். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கிறது.

“உன்ற மாதிரியேதான கூப்புடறேன்?”

“எங்கீங்க? கடைசில முழுங்கிப்போடறீங்க. நல்லா இழுத்துக் கூப்புடுங்க. உங்குளுது லண்டனுங்க. அது கிணத்துக்கடவு எருமை.”

முறைத்துவிட்டு மறுபடியும் கூப்பிடுகிறார். நேற்று ஒரு காது மட்டும் அசைந்தது. நான் புறப்பட இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.